கீறல் விழுந்த கண்ணாடி

ஹைதராபாத்துக்குப் படிக்க வரும் தமிழ் மாணவர் முதலில் காண விழைவது சார்மினார். அடுத்தது கோல்கொண்டாக் கோட்டை. அதற்கடுத்தது சாலார்ஜங் அரும்பொருட்காட்சி. ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்தால் அவர்களையும் இம்மூன்று இடங்களுக்கே அழைத்துச் செல்கிறோம். பேகம்பேட்டையில், பழைய விமான நிலையத்தின் பக்கத்தில், ஒரு பழைய கட்டடம் இருக்கிறது. உஸ்மானியாப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த அக்கட்டடம் ரொனால்டு ராஸ் என்னும் மருத்துவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. நல்லகுண்டாவில் உள்ள காய்ச்சல் மருத்துவமனைக்கும் அவர் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். அந்த மனிதர் யார், இந்நகரில் அவர் செய்தது என்ன என்று கேட்டால் நம்முள் பலர் விழிப்போம். மலேரியா கொசுவால் பரவுகிறது என்பது இன்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அந்த உண்மையின் முதல் முடிச்சு அவிழ்ந்தது இந்த ஊரில்தான். அவிழ்த்தது கண்ணருகு வில்லையில் கீறல் விழுந்து, திருகாணிகள் துருவேறிக் கிடந்த ஒரு சிறிய மைக்ராஸ்கோப்பு. அக்கருவியின் கதையையும் அதன் முன் குனிந்து உட்கார்ந்த மனிதரின் கதையையும் சேர்த்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ராஸ் பிறந்தது இந்திய மண்ணில். 1857ஆம் ஆண்டு மே 13ஆம் நாள், இமயமலைச் சாரலிலுள்ள அல்மோராவில் பிறந்தார். சிப்பாய்களின் கிளர்ச்சி மீரத்தில் மூண்டு மூன்று நாட்களே ஆகியிருந்தன. தந்தை இந்தியப் படையில் பெரிய அதிகாரி. பத்துக் குழந்தைகளில் மூத்தவர் ராஸ். எட்டு வயதில் அவரைக் கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். கவிதை, ஓவியம், இசை, கணிதம் ஆகியவற்றில்தான் பையனின் நாட்டம் சென்றது. மகன் மருத்துவனாகி இந்திய மருத்துவப் பணியில் சேரவேண்டும் என்பது தந்தையின் முடிவு. இக்காலத்திலும் நம் வீடுகளில் நடப்பதுதானே இது! 1874இல் இலண்டனில் செயின்ட் பார்த்தலோமியு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். சேர்ந்தாரே ஒழிய, மனம் அதில் ஒட்டவில்லை. தேர்வு ஒன்றில் தவறினார். சில காலம் கப்பல் மருத்துவராக இலண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே கடலில் அலைந்தார். பிறகு மீண்டும் தேர்வெழுதி, 1881இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னைக்கு வந்தார்.

தொடக்கத்தில் அவர் ஒரு சாதாரணப் படை மருத்துவர். காலையில் நோயாளிகளைப் பார்ப்பார். மற்ற நேரத்தில் கணக்குப் போடுவார், கவிதை எழுதுவார், நாவலும் எழுதினார். 1883இல் பெங்களூரில் அவர் தங்கியிருந்த பங்களாவில் கொசுத்தொல்லை தாங்க முடியவில்லை. காரணம் தேடியபோது, சன்னலுக்கு வெளியே இருந்த தண்ணீர்த் தொட்டியில் கொசுக்குஞ்சுகள் நெளிவதைக் கண்டார். தொட்டியைக் கவிழ்த்துக் கொட்டினார், கொசு குறைந்தது. மற்ற இடங்களிலும் இவ்வாறே செய்யலாமே என்று படை அதிகாரியிடம் சொன்னார். அதிகாரி அதைப் பொருட்படுத்தவில்லை. கொசுவுக்கும் காய்ச்சலுக்கும் தொடர்பு உண்டு என்று அப்போது ராஸும் எண்ணவில்லை. ஆனால் தொல்லையின் மூலத்தைத் தேடி அங்கேயே வெட்டவேண்டும் என்னும் பழக்கம் அந்தத் தொட்டியடியில் அவருக்கு ஏற்பட்டது என்று சொல்லலாம்.

மலேரியா அந்நாளில் மனித இனத்தை வாட்டிய பெருநோய்களில் ஒன்று. சதுப்பு நிலத்திலிருந்து எழும் கெட்ட காற்றே அதற்குக் காரணம் என்று நம்பினார்கள்; அப்பெயரின் பொருளே கெட்ட காற்று என்பதுதான். 1880இல் அல்ஜீரியாவில் லாவரான் என்னும் பிரெஞ்சுப் படை மருத்துவர், நோயாளியின் இரத்தத்தில் அந்நோயின் நுண்ணுயிரைக் கண்டார். ராஸோ அதை நம்பவில்லை. தம்முடைய மைக்ராஸ்கோப்பில் எத்தனையோ முறை இரத்தத்தைப் பார்த்தும் அவருக்கு அது தென்படவில்லை. எனவே, அப்படி ஒன்று இல்லை என்றே எழுதியும் வந்தார். 1894இல் விடுமுறையில் இலண்டன் சென்றபோது பாட்ரிக் மான்சன் என்னும் பேரறிஞரைச் சந்தித்தார். யானைக்கால் நோயின் புழு கொசுவின் உடலில் வளர்வதை 1877இலேயே சீனத்தில் கண்டவர் மான்சன். அவர் ராஸைத் தம் அருகில் அமர்த்தி, மைக்ராஸ்கோப்பின் வழியே லாவரானின் கிருமியைக் காட்டினார். எப்படிப் பார்ப்பது என்று தெரியாமையே தம் குறை என்பதை ராஸ் உணர்ந்தார். தவற்றை ஒப்புக்கொள்ள அவர் தயங்கவில்லை. மலேரியாக் கிருமியும் கொசுவின் உடலில் வளரக்கூடும் என்பது மான்சனின் கருத்து. அதைச் சோதித்துக் காட்டும் வேலையை ராஸ் தம் தலைமேல் ஏற்றுக்கொண்டார்.

1895 ஏப்ரல் மாத இறுதியில் அவர் செகந்திராபாத்துக்கு வந்து சேர்ந்தார். நிசாம் ஆட்சிக்குட்பட்ட நாட்டினுள் ஆங்கிலேயரின் படைவீடாக இருந்த ஊர் அது. சென்னைக் காலாட்படையின் 19ஆம் பிரிவு அங்கே இருந்தது; அதற்கு அவர் மருத்துவர். சென்னைப் படைகளோடு வந்து செகந்திராபாத்தில் நிலைத்துவிட்ட தமிழ்க் குடும்பங்களின் வழிவந்தோர் இன்றும் இந்நகரில் வாழ்கிறார்கள். ஆகவே, இக்கதை நமக்கு முற்றிலும் அயலார் கதையன்று.

வேலை தொடங்கியது. காய்ச்சல்காரர்களைக் கொசுவலைக்குள் படுக்கவைத்து, வளர்த்த கொசுக்களை உள்ளே விட்டுக் கடிக்கச் செய்வார். கடிபட்டவர்களுக்கு அணாக்கணக்கில் கூலி கொடுப்பார். பிறகு கொசுவை ஊசி முனையால் பிளந்து, அதன் உடலை ஒவ்வோர் அணுவாகப் பார்ப்பார். நாட்கள் சென்றன, ஒன்றும் கிட்டவில்லை. அவர் தேடிய கொசுக்கள் மலேரியாவைப் பரப்பாத வகையைச் சேர்ந்தவை என்பது அப்போது அவருக்குத் தெரியாது. இடையில் வாந்திபேதியை ஒடுக்கும் வேலைக்காக அவரைப் பெங்களூருக்கு அனுப்பினார்கள். 1897இல் உதகைக்கு அருகில் சீகூர் மலைப்பாதைப் பக்கம் மலேரியா ஆராயப் போனவர், தாமே அக்காய்ச்சலில் விழுந்தார். தேறி எழுந்து, அவ்வாண்டு சூன் மாதம் மீண்டும் செகந்திராபாத்துக்கு வந்தார்.

அந்தக் கோடையின் பிற்பகுதியில் பேகம்பேட்டை மருத்துவமனையின் சிறிய அறை எப்படி இருந்தது என்பதை நம் மனக்கண்ணால் பார்ப்போம். மழை சரியாகப் பெய்யவில்லை. வெப்பமும் புழுக்கமும் தாங்க முடியவில்லை. பங்காவை இழுக்கச் சொல்ல முடியாது. இழுத்தால் பிளந்து வைத்த கொசுவின் துண்டுகள் காற்றில் பறந்துவிடும். கண்ணீச்சிகள் கூட்டமாக வந்து காதிலும் இமையிலும் மொய்க்கும். நெற்றியிலிருந்தும் கையிலிருந்தும் வியர்வை கருவியின்மேல் சொட்டும். வியர்வை உப்புநீர் அல்லவா? உலோகத்துக்கு அது பகை. மைக்ராஸ்கோப்பின் திருகாணிகள் துருவேறின. கைவசம் எஞ்சியிருந்த ஒரே கண்ணருகு வில்லையிலும் கீறல் விழுந்திருந்தது. அதைக் கொண்டே அவர் நாள்தோறும் மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தார்.

நண்பர்களே, மைக்ராஸ்கோப்பில் ஒரு நாளாவது வேலை செய்தவர்க்கு இதன் கொடுமை விளங்கும். அவர் தேடியது என்ன? கிருமி தன் உடலில் சேர்த்துவைக்கும் கன்னங்கரிய மணிகள். தூசியும் கறுப்பு, துருத் துகளும் கறுப்பு, வில்லையில் ஒட்டிய அழுக்கும் கறுப்பு. எது கிருமியின் மணி, எது நம் கண்ணாடியின் அழுக்கு என்று பிரித்தறியாதவன், இல்லாததைக் கண்டுவிட்டதாக ஊரைக் கூட்டுவான். அல்லது இருப்பதை அழுக்கென்று தள்ளிவிடுவான். இதற்கு நம் ஆய்வுக்கூடங்களில் எளிய சோதனை ஒன்று சொல்லித் தருவார்கள். கண்ணருகு வில்லையை மெல்லத் திருப்பிப் பார். புள்ளியும் கூடவே சுற்றினால் அழுக்கு அந்த வில்லையில். கண்ணாடித் தகட்டை நகர்த்திப் பார். புள்ளியும் நகர்ந்தால் அது தகட்டில் உள்ளது. இரண்டுக்கும் அசையாமல், படம் மட்டும் மங்கலாகத் தெரிந்தால் பொருளருகு வில்லையைத் துடைக்கவேண்டும். பார்க்கும் பொருளை ஐயுறுமுன் பார்க்கும் கருவியை ஐயுற வேண்டும் என்பதே இச்சோதனையின் கருத்து.

துடைப்பதிலும் முறை உண்டு. சட்டை முனையால் துடைப்பது பெருந்தவறு. துணியில் உள்ள மணல் துகள் கண்ணாடியைக் கீறிவிடும். முதலில் இரப்பர்க் குமிழால் காற்றடித்துத் தூசியைப் போக்கவேண்டும். பிறகு மெல்லிய தூரிகை. அதன் பிறகே வில்லைத் தாள். மிகுதியாக உருப்பெருக்கும் வில்லைக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு சொட்டு எண்ணெய் விடுவது வழக்கம். அந்நாளில் தேவதாரு எண்ணெய் விடுவார்கள். உடனே துடைக்காவிட்டால் அது பிசின்போல் இறுகிவிடும். இறுகியதைக் கரைக்கச் சாராயத்தையோ சைலீனையோ தாராளமாக ஊற்றினால் வேறு கேடு வரும். பழைய வில்லைகள் இரண்டிரண்டாகக் கனடாப் பிசினால் ஒட்டப்பட்டவை. அந்த ஒட்டும் கரைந்துபோகும். மழைக்காலத்தில் ஈரம் தங்கினால் கண்ணாடியின்மேல் பூஞ்சை படரும். நாளடைவில் அது கண்ணாடியையே அரித்துவிடும். பிறகு எத்தனை துடைத்தாலும் தெளிவு வராது. ஆகவேதான் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு கருவியைப் பெட்டியில் பூட்டிவைக்கிறார்கள். ராஸுக்கு இவ்வசதிகளில் எத்தனை வாய்த்திருக்கும்? வெயிலும் வியர்வையும் ஈயுமே அவருக்கு வாய்த்தவை.

1897 ஆகஸ்டு மாத நடுவில் அவருடைய ஆட்கள் கொண்டுவந்த கொசுக்குஞ்சுகளிலிருந்து புதுவகைக் கொசுக்கள் வெளிவந்தன. பழுப்பு நிறம், சிறகில் புள்ளிகள். அந்நாட்களில் மருத்துவமனை உதவியாளர் ஒருவர், சுவரில் வாலைத் தூக்கி உட்கார்ந்திருந்த ஒரு சிறு கொசுவை ராஸுக்குச் சுட்டிக்காட்டினார். இன்று நாம் அனாபிலிஸ் என்று அழைக்கும் இனம் அது. அவ்வுதவியாளரின் பெயர் தமக்கு மறந்துவிட்டது என்று ராஸ் பின்னாளில் வருத்தத்தோடு எழுதி வைத்தார். ஆகஸ்டு 16ஆம் நாள் உசேன் கான் என்னும் மலேரியா நோயாளியைப் புள்ளிச் சிறகுக் கொசுக்கள் பத்துக் கடித்தன. அடுத்த நாட்களில் அவற்றுள் சிலவற்றைப் பிளந்து பார்த்தார். சில தாமே மடிந்தன. 20ஆம் நாள் மிஞ்சியவை மிகச் சிலவே.

அன்று பிற்பகல் ஒரு கொசுவைப் பிளந்தார். உடல் முழுதும் பார்த்தாயிற்று, ஒன்றுமில்லை. இரைப்பை ஒன்றே எஞ்சியது. கண் சோர்ந்துவிட்டது. இதற்குமுன் எத்தனையோ கொசுக்களின் இரைப்பைகளைப் பார்த்து ஏமாந்தவர் அவர். இதையும் விட்டுவிட்டு எழுந்திருந்தால் அவரைக் குறை சொல்பவர் யாருமில்லை. ஆனால் அவர் எழுந்திருக்கவில்லை. கீறல் விழுந்த கண்ணாடியின் வழியே இரைப்பைச் சுவரை அணு அணுவாகப் பார்த்துக்கொண்டு சென்றார். வட்டமான ஓர் உரு தெரிந்தது. அகலம் சுமார் 12 மைக்ரான்; அதாவது ஒரு மில்லிமீட்டரில் எண்பதில் ஒரு பங்கு. கொசுவின் இரைப்பையில் இருக்கக்கூடாத உரு அது. அதைப்போல வேறு சிலவும் தெரிந்தன. குவியத்தைத் திருத்திப் பார்த்தார். ஒவ்வொன்றின் உள்ளும் கரிய மணிகள்! மனித இரத்தத்தில் மலேரியாக் கிருமியினுள் கண்ட அதே மணிகள்! அவை அழுக்கல்ல, கண்ணின் மயக்கமும் அல்ல என்பது மறுநாள் உறுதியாயிற்று. கடைசிக் கொசுவையும் பிளந்து பார்த்தபோது அதே உருக்கள் இருந்தன; முன்னாளினும் பெரிதாக வளர்ந்திருந்தன. வளர்வது அழுக்காக இருக்க முடியாது, உயிர்தான் வளரும். இந்த இரண்டு கொசுக்களைப் பற்றிய அவருடைய கட்டுரை அவ்வாண்டு டிசம்பர் 18ஆம் நாள் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்தது. ஆகஸ்டு 20ஆம் நாள் உலகக் கொசு நாளாக இன்றும் கொண்டாடப்படுகிறது.

வெற்றிக்கு அரசாங்கம் தந்த பரிசு என்ன தெரியுமா? இடமாற்றம்! அடுத்த மாதமே அவரை இராசபுதனத்தில் கேர்வாரா என்னும் இடத்துக்குத் தூக்கி எறிந்தார்கள். அங்கே மலேரியா நோயாளிகள் அருமை. பல மாதங்கள் வீணாயின. மான்சன் போன்றவர்களின் முயற்சியால் 1898 தொடக்கத்தில் கல்கத்தாவில் ஆய்வு செய்ய வாய்ப்புக் கிடைத்தது. அப்போது பிளேக் பீதியால் மக்கள் ஊசி என்றாலே அஞ்சி ஓடினார்கள். ஆகவே பறவைகளுக்கு வரும் மலேரியாவை எடுத்துக்கொண்டார். 1898 சூலையில் கிருமி கொசுவின் இரைப்பையிலிருந்து அதன் உமிழ்நீர்ச் சுரப்பிக்குச் செல்வதையும், கடிக்கும்போது அடுத்த பறவைக்குத் தொற்றுவதையும் ஐயமறக் காட்டினார். அதே ஆண்டில் இத்தாலியில் கிராசியும் அவருடைய தோழர்களும் மனித மலேரியாவுக்கும் அனாபிலிஸ் கொசுவே காரணம் என்று நிலைநாட்டினார்கள். கண்டவர் யார் என்பதில் இருவருக்கும் மூண்ட பூசல் கடைசிவரை தீரவில்லை. இப்பூசலில் ராஸ் பேசிய பேச்சுகள் அவருடைய பெருமைக்கு அழகு சேர்ப்பன அல்ல. பெரியோர் வாழ்விலும் துருவேறிய இடங்கள் உண்டு. அவற்றை மறைப்பது வரலாறாகாது.

1899இல் இந்தியப் பணியை விட்டு லிவர்பூல் வெப்பநாட்டு மருத்துவப் பள்ளிக்குச் சென்றார். 1902இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. இந்திய மண்ணில் பிறந்தவர்களுள் அப்பரிசை முதலில் பெற்றவர் அவரே. 1911இல் சர் பட்டம் வந்தது. 1914இல் உலகப்போர் மூண்ட முதல் மாதத்திலேயே மூத்த மகனைப் போர்க்களத்தில் பறிகொடுத்தார். 1927இல் கல்கத்தாவுக்கு வந்து, தம் ஆய்வின் நினைவாக எழுப்பப்பட்ட சின்னத்தைத் தாமே திறந்துவைத்தார். செகந்திராபாத் வெற்றியை ஒட்டி அவர் எழுதிய கவிதையின் அடிகள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. தந்தை தடுத்த கவிஞன் கடைசியில் கல்லில் இடம்பெற்றான். 1932 செப்டம்பர் 16ஆம் நாள் இலண்டனில் அவர் மறைந்தார்.

அவர் காலத்துக்குப் பிறகு கருவிகள் எவ்வளவோ வளர்ந்துவிட்டன. இன்று மருத்துவர் வயிற்றில் சிறு துளையிட்டு, வில்லை பொருத்திய குழலை உள்ளே செலுத்தி அறுவை செய்கிறார். 1987இல் இந்நகரில் தோன்றிய எல். வி. பிரசாத் கண் மருத்துவ நிலையம் போன்ற இடங்களில், தலைக்குமேல் தொங்கும் மைக்ராஸ்கோப்பின் துணையால் கண்ணுக்குள்ளேயே அறுவை செய்கிறார்கள். ஆனால் பழைய பகை மாறவில்லை. குளிர்ந்த வில்லை உடலின் வெப்பத்துக்குள் நுழைந்ததும் ஆவி படிந்து மூடிக்கொள்ளும். ஆகவே முன்கூட்டியே வெதுவெதுப்பான நீரில் அதைச் சூடாக்குகிறார்கள். இரத்தம் பட்டால் உலருமுன் கழுவவேண்டும். உலர்ந்தபின் தேய்த்தால் கண்ணாடி கெடும். வில்லை மங்கினால் மருத்துவரின் கை குருடாகிறது. நோயாளியின் உயிர் ஊசலாடுகிறது. அந்த வில்லையைத் துடைத்து வைத்தவர் யார் என்று எந்த நோயாளியும் கேட்பதில்லை.

ராஸின் வரலாற்றில் என் மனத்தை உறுத்துவதும் இதுவே. கல்கத்தாவில் அவருக்குத் துணைநின்ற கிசோரி மோகன் பந்தியோபாத்தியாயாவுக்குப் பின்னர் ஒரு பொற்பதக்கமாவது கிடைத்தது. உசேன் கானின் பெயராவது நூல்களில் நிற்கிறது. சுவரில் இருந்த கொசுவைக் காட்டிய பேகம்பேட்டை உதவியாளருக்கு அதுவும் இல்லை. உலகம் தேடிய கொசுவைச் சுட்டிய விரல் யாருடையது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. வாழ்நாளெல்லாம் தம் பெயருக்காகப் போராடிய ஒருவர், தமக்கு உதவியவரின் பெயரை மறந்தார். இது அவருடைய குறை மட்டுமன்று. அக்காலத்து ஆட்சியின் குறையுமாகும்.

நண்பர்களே! நமக்குக் கீறல் விழாத கண்ணாடி கிடைத்திருக்கிறது. மின்விசிறியும் விளக்கும் கிடைத்திருக்கின்றன. ஆய்வு வகுப்பு முடிந்ததும் வில்லையில் எண்ணெயை அப்படியே விட்டுவிட்டு உணவு விடுதிக்கு ஓடுகிறோம். அடுத்த வகுப்பில் வருகிற மாணவர் மங்கிய வட்டத்தைப் பார்த்துத் திணறுகிறார். அல்லது ஆய்வுக்கூட உதவியாளர் அதைத் துடைத்து வைக்கிறார். அவர் பெயரை நாம் கேட்டதே இல்லை. இந்த ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள் வரும்போது இரண்டு காரியங்கள் செய்வோம். நாம் பயன்படுத்திய வில்லையை நாமே துடைத்து வைப்போம். நம் ஆய்வுக்கூட உதவியாளரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்வோம். பேகம்பேட்டைக் கட்டடத்துக்கு அதன்பின் போகலாம்.